ஒரு படம், ஊரெல்லாம் மோட்டார்

பம்ப்செட் மெக்கானிக் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: தண்ணீர் வந்தால் சாமியைக் கும்பிடுவார்கள், வராவிட்டால் நம்மைக் கூப்பிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் செஞ்சியில் அந்த வேலைதான் பார்த்தேன். கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு மோட்டார் கடை. முதலாளி கல்லாவில், மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிக் காயிலைச் சுற்றுகிற சலீம் பாய் பின்கட்டில், நான் சைக்கிளில். கிராமம் கிராமமாகக் கரண்டு கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. நேற்று வரை மாடு கட்டி இறைத்த கிணற்றில் இன்றைக்கு மோட்டார் இறங்கும். மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன பெரிதாகத் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. ரிட்டயரான பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதச் சொல்லித் தருகிற ஒரு பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த வாரம் பாடம் நடத்துகிற பெண் போர்டில் 'க்ளாஸ்' என்று எழுதினாள், பக்கத்தில் 'ஆப்ஜெக்ட்' என்று எழுதினாள். க்ளாஸ் என்பது வரைபடம் மாதிரி, ஆப்ஜெக்ட் என்பது அதை வைத்து உண்டாக்குகிற பொருள் என்றாள். புரிந்ததா என்று கேட்டாள். எல்லோரும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் மோட்டாரைப் பற்றி விளக்கும்போது செஞ்சிப் பக்கத்துக் குடியானவர்கள் ஆட்டிய அதே ஆட்டல்தான்.

ஆகவே, அந்தப் பாடத்தில் என்னைப் போல மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாவிகளே, இது உங்களுக்காக. க்ளாஸ், ஆப்ஜெக்ட் பற்றி எனக்கு விளங்கினதை என் பழைய வாடிக்கைக்காரர்களை வைத்தே சொல்கிறேன். தப்பிருந்தால் அவர்களைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

படத்தில் இருக்கிற அதே மோட்டார்

கடைச் சுவரில் கம்பெனி கொடுத்த பெரிய படம் ஒன்று தொங்கியது. அஞ்சு ஹெச்.பி. மோட்டார், பக்கத்திலேயே அதன் உள்பாகங்கள், எது எங்கே இருக்கும், எது என்ன செய்யும் என்று அம்புக்குறி போட்டு விவரம். சிங்கவரத்திலிருந்து ஏழுமலை, தணிகாசலம் என்று அண்ணன் தம்பி ரெண்டு பேர் மோட்டார் வாங்க வந்தார்கள். அண்ணன் பேசுவார், தம்பி பின்னால் நின்று ஆமாம் போடுவார். போன பட்டத்தில் நெல்லு கதிர் விடுகிற நேரத்தில் தண்ணீர் பத்தாமல் அத்தனையும் பதராகப் போய்விட்டதாம். இன்னொரு தடவை அப்படிப் போனால் தாங்க மாட்டோம் என்றார் அண்ணன். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர்களுடைய நெல்லும் உறவும் ஒரே மோட்டாரால் போக இருந்தது.

குடோனிலிருந்த ஒரு மோட்டாரைச் சாக்கை விலக்கிக் காட்டினேன். ஏழுமலை அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சுவரைக் காட்டி, இது வேண்டாம், அதுதான் வேண்டும் என்றார். ரெண்டும் ஒன்றுதான் என்றேன். அதெப்படி ஒன்றாகும், அது பளபள என்று இருக்கிறது, இதன்மேல் விரல் கனத்துக்குத் தூசி இருக்கிறது என்றார். படத்தைக் கழற்றிக் கொடுத்துவிடு, கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கட்டும் என்று முதலாளி என் காதில் முணுமுணுத்தார்.

நான் பொறுமையாக விளக்கினேன். படத்தில் இருப்பது மோட்டார் இல்லை, மோட்டார் என்றால் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்கிற விவரம். அது தண்ணீர் இறைக்காது, சூடாகாது, எரியவும் எரியாது. அதைப் பார்த்துக் கம்பெனிக்காரன் எத்தனை மோட்டார் வேண்டுமானாலும் செய்வான். செய்து வருகிற ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர், தனிக் கிணறு, தனிப் பாடு. அந்தப் பெண் போர்டில் எழுதிய க்ளாஸ் அன்றைக்கு எங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆப்ஜெக்ட் சாக்கு போர்த்திக்கொண்டு குடோனில் நின்றது. ஏழுமலை ரெண்டையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அது பாக்கறதுக்கு, இது எறைக்கறதுக்கு. அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஏத்துங்க வண்டில."

கிணற்றின் ஆழம்

புது ஆப்ஜெக்ட் ஒன்றை உண்டாக்கும்போதே அதற்கு வேண்டிய விவரங்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று பாடத்தில் வரும். தப்பாகக் கொடுத்தால் ஆப்ஜெக்ட் பிறந்துவிடும், ஆனால் உருப்படாது. எங்கள் கடையில் மோட்டார் வாங்கியவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதுதான். அதை வைத்துத்தான் பைப் வெட்டுவேன், மோட்டாரை மேலே வைப்பதா, கிணற்றுக்குள் மேடை கட்டி வைப்பதா என்று முடிவு செய்வேன்.

ஒரு பெரியவர், கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, கோடையிலும் பத்தடியில் தண்ணீர் நிற்கும் என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். நம்பி, அதற்குத் தக்க பைப்பை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அடியில் மாட்டுகிற வால்வு அந்தரத்தில் ஊசலாடியது. தண்ணீர் அதற்கு ரொம்பக் கீழே, எங்கேயோ பாதாளத்தில் மினுக்கியது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, வண்டிக்காரனோ திரும்பிப் போய்விட்டான். வந்த ஆத்திரத்தில், உங்கள் கிணற்று ஆழம் உங்களுக்கே தெரியாதா என்று கத்திவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். அன்றைக்குக் கடை பெஞ்சில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள், இவர் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவராம். அதற்கப்புறம் நான் எங்கே கோபித்துக்கொள்வது?

"தண்ணி பாதாளத்துல இருக்குதுன்னு அந்தாளு எதுருல சொன்னா பொண்ணு குடுப்பானா? நீயே சொல்லு தம்பி."

நோயில்லாத நோயாளி

அவலூர்பேட்டையிலிருந்து ஒருத்தர் மாட்டு வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். காயில் மாற்ற வேண்டும், சீக்கிரம் பாருங்கள் என்று அவசரப்படுத்தினார். சலீம் பாய் கழற்றிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். காயில் புதுசாட்டம் இருந்தது. ஓடுகிறதா என்று கேட்டால் நன்றாக ஓடுகிறது என்கிறார். தண்ணீர் வருகிறதா என்றால் குழாய் நிறைய வருகிறது என்கிறார். அப்புறம் எதற்கய்யா கழற்றிக்கொண்டு வந்தாய் என்று கேட்டதற்கு, தன் மச்சான் மோட்டார் எரிந்துவிட்டது என்றார். ஒரே கம்பெனி, ஒரே படம், ஒரே நாளில் இதே கடையில் வாங்கியது. அதற்கு வந்தது இதற்கும் வரும், முற்றுவதற்குள் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்.

சிரிக்காதீர்கள். நானும் கம்ப்யூட்டரில் ஒரு ஆப்ஜெக்டில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் மாறியிருக்கும் என்று நம்பித் தேடினவன்தான். படத்திலேயே கோளாறு இருந்தால் அதைப் பார்த்துச் செய்த எல்லா மோட்டாரிலும் கோளாறு இருக்கும், அது வேறு சங்கதி. ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு இதன் சூடு இதற்கு, அதன் தேய்மானம் அதற்கு. மச்சான் மோட்டார் எரிந்தது மச்சான் கிணற்றில் நடந்த சமாச்சாரம். இவ்வளவும் சொல்லியும் அந்த மனிதருக்கு மனசு ஆறவில்லை. வந்ததுக்கு நாலு சுற்றாவது கூடச் சுற்றிவிடுங்கள் என்று நின்றார். அங்கே அவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சலீம் பாய் எழுந்து தானே ஒரு பக்கம் மோட்டாரைப் பிடித்தார்.

"ஒம் மச்சானுக்கு ஜொரம்னா நீ போயி ஊசி போட்டுக்குவியா? புடி, வண்டில ஏத்து, போயி மல்லாட்டைக்குத் தண்ணி வுடு."

நைனார் வீட்டுக் கூடை

மேல்சித்தாமூரில் ஒரு ஜைனக் குடும்பத்துக்கு மோட்டார் போட்டேன். வீட்டுப் பெரியவரை எல்லோரும் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்காதவர்கள். ஒரு புழு பூச்சிகூடத் தங்களால் சாகக்கூடாது என்று அப்படி ஒரு கவனம். போட்ட மறு வாரமே ஆள் வந்தது, மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் நூல் மாதிரி ஒழுகுகிறது என்று. போய்ப் பைப்பை மேலே இழுத்தேன். அடி வால்வைச் சுற்றி ஒரு வேட்டியை மடித்து மடித்துக் கட்டியிருந்தது. மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு மூச்சு விடு என்றால் எப்படி விடும்?

யார் கட்டினது என்று கேட்டேன். நான்தான் என்றார் நைனார். முந்தின வாரம் வாய்க்காலில் தண்ணீரோடு ஒரு சின்ன மீன் அடிபட்டு வந்து விழுந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். துணியை எடுத்தால் மீன் சாகும், எடுக்காவிட்டால் பயிர் சாகும். யோசித்து யோசித்து, மூடி போட்ட பெரிய மூங்கில் கூடை ஒன்று வாங்கி வந்து, அதைச் சுற்றி மெல்லிய துணியைத் தைத்து, வால்வு அதன் நடுவில் நிற்கும்படி இறக்கினேன். துணி இப்போது வாயை விட்டுத் தள்ளி, அகலமாக இருந்தது. நாலா பக்கமும் தண்ணீர் நிதானமாகக் கசிந்து உள்ளே வந்தது, மீன் வெளியிலேயே நின்றது. குழாயில் தண்ணீர் நிறைய விழுந்ததும் நைனார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து நைனார் வீடுகளிலிருந்து வரிசையாக ஆள் வந்தது. முதலாளி ஆர்டர் எடுக்கும்போதே, கூடை மோட்டாரா, வெறும் மோட்டாரா என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு க்ளாஸில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சேர்த்து இன்னொரு க்ளாஸ் உண்டாக்கலாம், சேர்த்ததைத் தவிர மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அந்தப் பெண் பாடம் நடத்தியபோது, பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு நைனார் கிணற்று மேட்டில் நின்று சொன்னது காதில் கேட்டது.

"நாங்க அதுக்குப் புதுசா கத்துக் குடுத்தது இந்த ஒண்ணுதான். மத்ததெல்லாம் அது பொறக்கும்போதே தெரிஞ்சிக்கினு வந்திருக்குது."

ஒரு மோட்டார், ரெண்டு பொட்டி

சிங்கவரத்து அண்ணன் தம்பிக்கு வருகிறேன். மோட்டார் போட்டு ரெண்டொரு வருஷம் நல்லபடியாக விளைந்தது. அப்புறம் வரப்போரம் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டினதில் வாய்ச்சண்டை வந்து, பாகம் பிரிந்து, பேச்சும் நின்று போனது. நிலத்தை ரெண்டாகப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், அண்டா குண்டானைப் பிரித்தார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? அது நடுவில் பொதுவாக நின்றது. ஒரு நாள் அண்ணன் முறை, மறு நாள் தம்பி முறை என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

மோட்டார் ரூம் கிணற்றோரம். ஆளுக்கொரு சாவி. ஆனால் அந்த வாசலில் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டியிருக்கிறதே, அது ரெண்டு பேருக்கும் ஆகவில்லை. தனித்தனியாகக் கடைக்கு வந்தார்கள், ஒரே கோரிக்கையைச் சொன்னார்கள்: என் மாட்டுக் கொட்டகையில் எனக்கென்று ஒரு சுவிட்சு வேண்டும். சரி என்று ரெண்டு கொட்டகைக்கும் ஒயர் இழுத்து, பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் வைத்த சின்னப் பொட்டி ஆளுக்கொன்று மாட்டினேன். மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர் அதேதான், மோட்டார் அதேதான், எந்தப் பொட்டியில் பச்சையை அமுக்கினாலும் ஓடும், எந்தப் பொட்டியில் சிவப்பை அமுக்கினாலும் நிற்கும் என்று ரெண்டு பேரிடமும் உடைத்துச் சொன்னேன். ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அன்றையிலிருந்து ஊரில் அண்ணன் மோட்டார், தம்பி மோட்டார் என்று பேராகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரே ஆப்ஜெக்டுக்கு ரெண்டு பேர் வைக்கலாம். பேர் ரெண்டு என்பதால் பொருள் ரெண்டாகாது, ஒரு பேரைச் சொல்லி நிறுத்தினால் மற்ற பேரிலும் நின்றுதான் போகும். எழுதும்போது எனக்கும் நன்றாகத்தான் விளங்குகிறது. ஆனால் தணிகாசலத்தின் சம்சாரம் வள்ளியம்மா, தன் கொட்டகைப் பொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தபோது, அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் யாருக்கும் மறுத்துச் சொல்ல மனசு வராது.

"இனிமே அவங்க மோட்டாரு அவங்களுக்கு, எங்க மோட்டாரு எங்களுக்கு. ஒரு பேச்சு இல்ல, வழக்கு இல்ல."

மூடி வைத்த பெட்டி

அந்தப் பட்டத்தில் தணிகாசலம் தன் பாகம் முழுக்க நெல்லு வைத்திருந்தார். அண்ணன் மல்லாட்டை போட்டுப் பிடுங்கியும் விட்டார், அவருக்குத் தண்ணீர் அவசரம் இல்லை. தம்பி நெல்லோ கதிர் விட்டுப் பால் பிடிக்கிற சமயம். அப்போது காய்ந்தால் மணி வைக்காது, வெறும் உமிதான் மிஞ்சும். கரண்டு சாயங்காலம் ஆனால்தான் ஒழுங்காக வரும். தணிகாசலம் தன் முறை நாளில் பச்சையை அமுக்கி, மடையைத் திறந்துவிட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். காலையில் வந்து பார்த்தால் கால்வாசி வயல்கூட நனைந்திருக்காது, மோட்டார் நின்று போயிருக்கும். ஒவ்வொரு முறையும் இதே கதை. வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானாகப் பிடியை விட்டு மோட்டாரை நிறுத்திவிடும், அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மோட்டார் ரூமைத் திறந்து, ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டி ஒட்டி விடுகிற பாகம் விடாதபடி ஒரு குச்சியைச் செருகிவிட்டார். அன்றைக்கு மோட்டார் விடிய விடிய ஓடியது, காலையில் மெயின் சுவிட்சைத் தட்டித்தான் நிறுத்தினார். மனுஷனுக்குக் கொள்ளை சந்தோஷம். அடுத்த முறை நிஜமாகவே வோல்டேஜ் இறங்கிவிட்டது. குச்சி இருக்கிறதே, ஸ்டார்ட்டர் எப்படி விடும்? காயில் கருகிப் போயிற்று. ஆப்ஜெக்டுக்குள் இருப்பதை மூடி வைத்துவிட்டு, வெளியே ஓடு, நில் என்று சொல்ல வழி மட்டும் வைப்பார்கள் என்று பாடத்தில் வரும். எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பது உள்ளே இருப்பதற்குத் தெரியும்.

எரிந்த மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு தணிகாசலம் வந்தார். கண் சிவந்திருந்தது. குச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது, எல்லாம் அண்ணன் பொறாமையில் செய்த வேலை, போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், என் சாவுக்குக்கூட அவர் வரக்கூடாது என்றார். மாற்று மோட்டார் கொடுக்கலாமென்றால் கடையில் ஒன்றும் இல்லை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்து, குச்சியை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். சலீம் பாய் குச்சியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொட்டிய மூடி வெச்சிருக்கறது கரண்டுக்குப் பயந்து மட்டும் இல்ல, ஒன் கைக்குப் பயந்தும்தான். அழாத, நான் எந்திரிக்காம சுத்தித் தரேன்."

யார் நிறுத்தினது

மோட்டார் எரிந்ததற்குக் குச்சி காரணம். ஆனால் குச்சி வைப்பதற்கு முன்னால் முறைக்கு முறை அது ஏன் நின்றது? இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சலீம் பாய் சொன்னபடி எழுந்திருக்காமல் சுற்றிக் கொடுத்தார். கொண்டுபோய் மாட்டினேன். அன்று தம்பி முறை. தணிகாசலம் தன் கொட்டகையில் பச்சையை அமுக்கிவிட்டு வயலுக்குப் போனார், நான் மோட்டார் ரூமில் வோல்டேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வள்ளியம்மா, எந்த வயல் ரொம்பக் காய்ந்திருந்ததோ அதற்கு முதல் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குவது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் போன நேரம், டொக்கென்று மோட்டார் நின்றது. முள் அசையவில்லை. வோல்டேஜ் நன்றாக இருந்தது. யாரோ சிவப்பை அமுக்கியிருக்கிறார்கள்.

தணிகாசலம் மண்வெட்டியோடு ஓடி வந்தார். வந்த வேகம் எனக்கு நன்றாகப் படவில்லை. மண்வெட்டியை வாங்கி மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டு, என் பின்னாலேயே வாருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி, அண்ணன் கொட்டகைக்கு நடந்தேன். ஏழுமலை கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது சிவப்பை அமுக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். மல்லாட்டை பிடுங்கினதிலிருந்து தினமும் பொழுது போனதும் அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். இடி மின்னல் வருகிறது, பசங்கள் வந்து விளையாடுகிறார்கள், எதற்கு வம்பு என்று, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. இன்றைக்குத் தம்பி முறை ஆயிற்றே என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் அமுக்கினது என் பொட்டியை, நிறுத்தினது என் மோட்டாரை, அவன் பொட்டிப் பக்கம் என்றைக்காவது போயிருக்கிறேனா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் கோபத்தில் பொய் கொஞ்சமும் இல்லை. குச்சி வைத்த நாள் மட்டும் ஏன் நிற்காமல் ஓடியது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது, குச்சி இவருடைய சிவப்பு பட்டனையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது.

நான் மேற்கொண்டு எதையும் விளக்கவில்லை. பச்சையை அமுக்குங்கள் என்றேன். என் முறை இல்லையே என்றார். அமுக்குங்கள் என்றேன். அமுக்கினார். கையைப் பிடித்துக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அமுக்கி வந்த தண்ணீர் தம்பி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து நடந்தார். அப்புறம் பாகம் பிரிந்த பிறகு முதல் தடவையாகத் தம்பி வயலில் இறங்கி, ஒரு கதிரை ஒடித்து, நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். ஒன்றில் பால் வந்தது, அடுத்ததில் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை. ஒரு பட்டம் முழுக்கப் பதரானதைத் தன் கண்ணால் பார்த்தவர். தான் தினமும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்று, மோட்டாரை எரித்தது நான்தான், குச்சி வைத்தேன் என்றார். அண்ணன் ஒடித்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் ஏறினார்.

மேட்டு வயல் ஒன்று மட்டும் பதராகிப் போனது, மற்றதெல்லாம் மணி பிடித்து வீட்டுக்கு வந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இனி அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். ஏழுமலை தன் கொட்டகைக்குத் திரும்பி வந்தார், சுவரில் இருந்த பொட்டியைக் காட்டினார்.

"கழட்டுங்க இத. எனக்குத் தண்ணி வேணும்னா எந் தம்பியக் கூப்புட்டுத்தான் கேக்கணும்னு இருக்கட்டும்."

மோட்டாரைப் பழுது பார்க்கப் பை நிறைய ஸ்பேனர் சுமந்து திரிந்தேன், ஒரே மோட்டாருக்கு ரெண்டு பேர் வைத்த வீட்டைப் பழுது பார்க்கக் கடைசியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் தேவைப்பட்டது.